விதிப்புத்தகத்தை யாருக்கு எழுதுவது? முதல் முறை ஆட்டம் நடத்தப்போகிறவருக்கு

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொரப்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. வேலூர் வெயிலுக்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கும் தளம் காலைச் சுடும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டு, பாய் விரித்திருந்தோம். பாயின் ஒரு ஓரத்தில் என் தங்கை மகள். அவள் கையில் நான் எழுதி, நானே அச்சடித்து, நடுவில் பின் அடித்த 28 பக்க விதிப்புத்தகம். ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, வாயால் கதை சொல்லி, பகடை உருட்டி ஆடும் ரோல்-பிளேயிங் விளையாட்டுக்கு. எதிரே அவளுடைய கல்லூரித் தோழிகள் நாலு பேர். ஐந்து பேரில் ஒருத்திகூட இதற்கு முன்னால் இந்த விளையாட்டை ஆடியதில்லை. நான் வாயைத் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒருத்தி, "நான் அகழியில குதிச்சு நீந்திப் போறேன்" என்றாள். பகடையை உருட்டினாள். ஐந்தும் மூன்றும், எட்டு. என் தங்கை மகள் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "7 முதல் 9 வரை: சிக்கலுடன் வெற்றி." அந்த வரியின் மேல் விரலை வைத்துப் படித்தாள். மறுபடி படித்தாள். பத்தாம் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். தோழிகளில் ஒருத்தி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள், இன்னொருத்தி போனை எடுத்தாள். ஆறு நிமிஷம். கடைசியில் விரலை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்து, "பெரியம்மா, இப்ப நான் இன்னா சொல்லணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் என் புத்தகத்தில் இல்லை. எட்டு வருஷமாக ஆட்டம் நடத்துகிற எனக்கு "சிக்கலுடன் வெற்றி" என்ற இரண்டு வார்த்தை போதும். பார்த்த உடனே பத்து சிக்கல் தோன்றும். அவளுக்கு அந்த இரண்டு வார்த்தை ஒரு சுவர். என்னைப் போன்றவர்களுக்காகவே ஒரு புத்தகத்தை எழுதிவிட்டு, அதை அவள் கையில் கொடுத்திருந்தேன். அன்று இரவே புத்தகத்தைப் பிரித்து மறுபடி எழுத ஆரம்பித்தேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். தமிழில் இப்படி ஒரு விதிப்புத்தகம் எழுத நினைப்பவர்களுக்கும், வேறு ஆட்டத்தின் விதிகளைத் தங்கள் குழுவுக்காகத் தமிழில் சுருக்கி எழுதுபவர்களுக்கும் இது உதவும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை. ஒருவர் மட்டும் தனிப் பாத்திரம் எடுக்காமல் கதையின் மற்ற எல்லாமாகவும் இருப்பார்: காவல்காரன், கடைக்காரி, மழை, நாய். அவருக்கு கேம் மாஸ்டர் என்று பெயர். எங்கள் பாயில் அவரைக் கட்டியக்காரர் என்று கூப்பிடுகிறோம். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நின்றதும் "யார் நீ, எந்த தேசம், என்ன காரியமாக வந்தாய்" என்று கேட்பவன் அவன்தான். அப்புறம் அவனே தூதன், அவனே சேவகன்.

வாத்தியார் இருக்கும் ஊர், இல்லாத ஊர்

என் அம்மாவின் ஊர் ஆரணிப் பக்கம். அந்தக் காலத்தில் அதுவும் வட ஆற்காடு மாவட்டம்தான்; 1989-இல் பிரித்தபோது திருவண்ணாமலையோடு போயிற்று. திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. என் தாய்மாமன் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பின்பாட்டு பாடினார். அவரிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது, எண்ணெய்க் கை பட்டுப் பழுப்பேறியது. சின்ன வயதில் அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பாட்டுகள் முழுசாக இருக்கும், ராகத்தோடு. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் "வசனம்" என்று ஒரே ஒரு வார்த்தை. மேடையில் அந்த ஒரு வார்த்தை கால் மணி நேரம் ஓடும். சிரிப்பு, சண்டை, ஊர்ப் பஞ்சாயத்து, பால் விலை, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள்.

அந்த நோட்டில் குறை ஒன்றும் இல்லை. ஜமாவில் சேரும் பையனுக்குப் பக்கத்திலேயே வாத்தியார் இருக்கிறார். வருஷக்கணக்காகக் கூட நின்று, கேட்டு, திட்டு வாங்கி, அந்த "வசனம்" என்ற இடத்தில் என்ன பேசுவது என்று அவன் காதாலேயே கற்றுக்கொள்கிறான். நோட்டு ஞாபகத்துக்கு மட்டும்தான்.

இந்த விளையாட்டின் முதல் புத்தகங்களும் அப்படிப்பட்ட நோட்டுகள்தான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்களாக வந்தது. ஏற்கெனவே மேசைமேல் பொம்மைப் போர் ஆடிப் பழகியவர்களை நினைத்து எழுதியது. முன்னால் வந்த ஒரு போர் விளையாட்டின் விதிகளும், வேறொரு கம்பெனியின் போர்டு கேமும் கையில் இருக்க வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருந்தார்கள். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் கற்றுக்கொள்ளலாம். 1977-இல் ஜே. எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர் புதியவர்களுக்காக அதைத் தொகுத்து எழுதினார். 1983-இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய சிவப்புப் பெட்டி இன்னும் ஒரு படி போயிற்று. அதில் ஆட்டக்காரருக்கு 64 பக்கத்தில் ஒரு புத்தகம், நடத்துபவருக்கு 48 பக்கத்தில் தனியாக ஒன்று. ஆட்டக்காரர் புத்தகத்தைத் திறந்ததும் விதி இல்லை, ஒரு கதை. தனியாக உட்கார்ந்து படித்தபடியே பகடை உருட்டிக் கற்றுக்கொள்ளலாம். வாத்தியாரைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியது போல.

ஆனால் அது அப்படியே நிலைத்துவிடவில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நடத்துபவருக்கான புத்தகம் 320 பக்கம். அதன் முதல் அத்தியாயமே சொந்தமாக ஓர் உலகத்தை உண்டாக்குவது பற்றி. அங்கே தெய்வங்கள், ராஜ்ஜியங்கள். ஆட்டத்தை எப்படி நடத்துவது என்பது எட்டாம் அத்தியாயம், 235-ஆம் பக்கம். பத்து வருஷம் நடத்தியவருக்கு அந்த வரிசை பிடிக்கும், உலகம் உண்டாக்குவதுதான் அவருக்கு ருசி. 2024-இல் வந்த புதுப் பதிப்பில் வரிசையை மாற்றிவிட்டார்கள். அடிப்படை முதல் அத்தியாயம், நடத்துவது இரண்டாம் அத்தியாயம். அது சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

வேலூரில் இந்த விளையாட்டுக்கு வாத்தியார் எங்கே இருக்கிறார்? லாங் பஜாரில் லூடோ பகடை கிடைக்கும், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வேண்டிய இருபது முகப் பகடை கேட்டால் கடைக்காரர் முழிப்பார். குடியாத்தத்திலோ வாலாஜாவிலோ இருக்கும் ஒரு பெண் இதை ஆட நினைத்தால், அவளுக்குப் புத்தகம்தான் வாத்தியார். அதனால் என் பதில் நேரானது. புத்தகத்தின் பெரும்பகுதியைப் புதியவருக்கு எழுதுங்கள். பழகியவர் புத்தகத்திடம் "எப்படி" என்று கேட்பதில்லை, "எங்கே" என்றுதான் கேட்கிறார். அவருக்கு இரண்டு பக்கம் போதும், அது எந்த இரண்டு பக்கம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

வாயில் வரும் வாக்கியத்தை எழுதுங்கள்

புதியவர் பயப்படுவது விதிக்கு அல்ல. எல்லோரும் தன்னையே பார்க்கும்போது வாயிலிருந்து வர வேண்டிய அடுத்த வாக்கியத்துக்குத்தான் பயம். ஆகவே புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அவர் சத்தமாகச் சொல்ல வேண்டிய வாக்கியங்களை அப்படியே தடித்த எழுத்தில் போடுங்கள். "நடத்துபவர் சூழலை விவரிக்க வேண்டும்" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. என் இரண்டாவது புத்தகம் இப்படித் தொடங்குகிறது: "எல்லோரும் உட்கார்ந்ததும் இதைப் படியுங்கள்: இன்னும் விடியவில்லை. கோட்டைக்குள் துப்பாக்கிச் சத்தம். நீங்கள் குதிரை லாயத்தில் ஒளிந்திருக்கிறீர்கள்."

அடுத்து கட்டியக்காரனின் கேள்விகள். ஒவ்வோர் ஆட்டக்காரரையும் பார்த்து மூன்றே கேள்வி: யார் நீ? எந்த ஊர்? இந்த நேரத்தில் இங்கே உனக்கு என்ன வேலை? நடத்துபவர் புதியவராக இருந்தாலும் கேள்வி கேட்க யாருக்கும் வரும். கேட்டுக்கொண்டே இருந்தால் பேச வேண்டிய பாரம் பாதி எதிரே போய்விடும். என் தங்கை மகளின் தோழி ஒருத்தி இந்த மூன்றாம் கேள்விக்கு, "ராத்திரி குதிரைக்கு வயித்து வலி, அதான் தூங்கல" என்றாள். அந்தக் குதிரை கடைசி வரைக்கும் கதையில் இருந்தது. நான் எழுதியதே இல்லை அந்தக் குதிரையை.

பகடையில் எது அதிகம் வருகிறதோ அதற்கு அதிகம் எழுதுங்கள்

இது கணக்கு, ஆனால் எளிய கணக்கு. எங்கள் ஆட்டத்தில் இரண்டு ஆறுமுகப் பகடை, லூடோ பெட்டியில் வருவதுதான். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை சிக்கலுடன் வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே தோல்வி. 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம் பரப்பிய முறை இது. இரண்டு பகடை மொத்தம் 36 விதமாக விழும். அதில் 10-உம் அதற்கு மேலும் 6 விதம். 7 முதல் 9 வரை 15 விதம். 6-உம் அதற்குக் கீழும் 15 விதம். பாத்திரத்துக்கு ஒரு புள்ளி கூடுதல் திறமை இருந்தால் 10, 16, 10 என்று மாறும். அதாவது, கெட்டிக்காரப் பாத்திரத்துக்கும் அதிகமாக வரப்போவது அந்த நடு விடைதான். முதல் புத்தகத்தில் முழு வெற்றிக்கு அரைப் பக்கம் வர்ணித்துவிட்டு, அடிக்கடி வரும் நடு விடைக்கு இரண்டே வார்த்தை எழுதியிருந்தேன்.

இப்போது அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது: "நினைத்தது நடக்கிறது. கூடவே இந்த மூன்றில் ஒன்றும் நடக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து உடனே சொல்லுங்கள். கையில் இருந்த ஒன்று போய்விடுகிறது. யாரோ பார்த்துவிடுகிறார். நேரம் போய்விடுகிறது." அதற்குக் கீழே அகழியில் குதித்தவளுக்கு மூன்றையும் வைத்து மூன்று உதாரணம். "அக்கரை ஏறிவிட்டாய், ஆனால் இடுப்பில் முடிந்திருந்த சாவி தண்ணீரோடு போயிற்று." "ஏறிவிட்டாய், மதில்மேல் நிற்பவன் கை நீட்டிக் கத்துகிறான்." "ஏறிவிட்டாய், ஆனால் பாசி வழுக்கி வழுக்கி ஏறுவதற்குள் கிழக்கே வெளுத்துவிட்டது." மூன்று போதும். பத்து உதாரணம் போட்டால் எதைச் சொல்வது என்று மறுபடி ஆறு நிமிஷம் போய்விடும்.

இருபது முகப் பகடை ஆட்டத்தைத் தமிழில் சுருக்குபவர்களுக்கும் இதே கணக்குதான். அதில் கடினத்துக்கு 5, 10, 15, 20, 25, 30 என்று ஆறு படி இருக்கிறது. புதியவருக்கு 10, 15, 20 மூன்றை மட்டும் கொடுங்கள். கூடவே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். 15-க்கு "நடுத்தரம்" என்று பெயர் இருந்தாலும், திறமைக்கு +2 கூட்டிக்கொள்ளும் பாத்திரம்கூட அந்த 15-ஐ எட்டப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். இருபதில் எட்டு முறைதான் ஜெயிக்கும். இதைத் தெரியாத புதியவர் எல்லாவற்றுக்கும் 15 என்று சொல்லிக்கொண்டே போவார். ஆட்டக்காரர்கள் எது செய்தாலும் தோற்பார்கள். தான் நடத்தியது சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் அடுத்த வாரம் வரமாட்டார். பழகியவருக்கு இது விரல் நுனியில் இருக்கும். யாரும் அதை எழுதிவைப்பதில்லை.

அந்த ஆட்டத்தை மொழிபெயர்க்கத் தயங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1-ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். எங்கிருந்து எடுத்தது என்று உரிமத்தில் சொன்னபடி குறிப்பிட்டுவிட்டால் தாராளமாகத் தமிழாக்கலாம், அச்சிடலாம்.

பின்னணி: நாலு பக்கத்தை ஆறு வரியாக்கிய கதை

என் புத்தகத்தில் இருக்கும் மாதிரிக் கதை 1806 ஜூலை 10 விடியற்காலையில், சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்த அன்று, வேலூர்க் கோட்டைக்குள் நடக்கிறது. ஆட்டக்காரர்கள் சிப்பாய்களும் அல்ல, வெள்ளைக்கார அதிகாரிகளும் அல்ல. உள்ளே வேலை செய்பவர்கள்: துணி வெளுப்பவர், பால் கொண்டுவருபவர், லாயத்தில் புல் போடுபவர். லாயத்தில் ஒளிந்திருக்கும் ஒரு குழந்தையை வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்வதற்குள்.

புதியவருக்கு ஏன் இந்தக் கதை என்று யோசித்துத்தான் வைத்தேன். வேலூர்க்காரர்களுக்கு வரைபடம் வேண்டாம். அகழியைச் சுற்றி நடக்காதவர் யார்? மதில் எவ்வளவு உயரம், தண்ணீர் எவ்வளவு அகலம் என்று கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அகழியில் முதலை விட்டிருந்ததாகத் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பார்கள், அதையே கேட்டு நடுங்குவார்கள். கதைக்குள் கடிகாரமும் இருக்கிறது. நடத்துபவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால், "ஆற்காட்டுச் சாலையில் புழுதி தெரிகிறது" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அந்த வாக்கியத்தையும் புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். ஆற்காட்டு டெல்லி கேட்டாக இருக்கலாம், ஏலகிரி மலைப்பாதையாக இருக்கலாம். முதல் கதையை ஆட்டக்காரர்களின் கால் பட்ட இடத்தில் வையுங்கள்.

இந்தக் கதைக்கு முதலில் நாலு பக்கம் பின்னணி எழுதியிருந்தேன். 1805 நவம்பரில் வந்த உத்தரவு, புதுத் தலைப்பாகையில் தோல், நெற்றிக்குறியும் கடுக்கனும் தாடியும் கூடாது என்றது, கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம், எல்லாம். எனக்கு அந்தச் சரித்திரத்தின்மேல் பிரியம். எழுதும்போது கை நிற்கவில்லை. சோதனை ஆட்டத்தில் தங்கை மகள் அந்த நாலு பக்கத்தையும் முந்தின ராத்திரி படித்துவிட்டு வந்திருந்தாள். ஆட்டத்தில் ஒரு வரிகூட அவள் வாயில் வரவில்லை. பரீட்சைக்குப் படித்தது போல ஆகிவிட்டது.

அப்புறம் ஓர் அளவு வைத்துக்கொண்டேன். முதல் பத்து நிமிஷத்தில் நடத்துபவர் வாயால் சொல்லக்கூடியது மட்டும்தான் முன்னால் வரும். அப்படிச் சலித்ததில் ஆறு வரி நின்றது. தலைப்பாகை உத்தரவை ஒரு சிப்பாயின் வாயில் வைத்துவிட்டேன். லாயத்து வாசலில் நிற்கும் அவன், "இதை உன் தலையில வைப்பியா?" என்று தொப்பியைக் காட்டிக் கேட்கிறான். நாலு பக்கம் செய்யாத வேலையை அந்தக் கேள்வி செய்தது. மாடியில் ஒரு நொடி யாரும் பேசவில்லை. ஒன்று மட்டும் உறுதியாக எழுதிவைத்தேன்: அன்று இரண்டு பக்கமும் செத்தவர்கள் நிஜ மனிதர்கள், எந்தப் பக்கத்தையும் அரக்கர்களாகக் காட்ட வேண்டாம். புதியவருக்கு இப்படிப்பட்ட இடங்களில் கை பிடித்துச் சொல்ல வேண்டும்.

கதையை எழுதும் வரிசையும் முக்கியம். நடக்கப்போகும் வரிசையிலேயே எழுதுங்கள், விதியை அது தேவைப்படும் இடத்தில் சொல்லுங்கள். அகழிக் காட்சி வரும் பக்கத்திலேயே பகடை விதி இருக்கட்டும். "பக்கம் 22 பார்க்க" என்று எழுதினால் புதியவர் 22-க்குப் போவார், திரும்பி வரும் வழி தெரியாது.

பழகியவருக்கு நடுப் பக்கம்

எங்கள் குழுவில் காட்பாடியிலிருந்து ஓர் அண்ணன் வருவார். ரயில்வேயில் வேலை, என்னைவிடப் பல வருஷம் முன்னாலிருந்து ஆட்டம் நடத்துபவர். என் புதுப் பிரதியைப் புரட்டிவிட்டு, "இப்படி ஊட்டி ஊட்டி விட்டா அவங்களுக்குன்னு ஒண்ணும் தோணாது. எனக்கு இதுல தேடறது கிடைக்கவே மாட்டேங்குது" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கூத்தில் வாத்தியார் ஓர் அடியை நூறு முறை பாடிக் காட்டுகிறார். அதனால் பையனுக்குச் சொந்தக் குரல் இல்லாமல் போவதில்லை. ஆனால் இரண்டாம் பாதி நியாயம். ஆட்டத்தின் நடுவில் அவருக்கு வேண்டியது விளக்கம் அல்ல, ஒரு பார்வையில் கிடைக்கும் எண். நாலாவது முறை நடத்தும்போது புதியவருக்கும் அதுதான் வேண்டும்.

நான் பாகாயம் சாலையில் பதினைந்து வருஷமாக டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். இந்தச் சிக்கலுக்கு விடை என் கையிலேயே இருந்தது. ஏ4 தாளை மடித்தால் நாலு ஏ5 பக்கம். எட்டுத் தாளைப் பேக் டு பேக் அடித்து, மடித்து, சென்டர் பின் அடித்தால் 32 பக்கம். இப்படிப் பின் அடித்த புத்தகத்தை எங்கே வைத்தாலும் அது தானாக விரியும் இடம் ஒன்றுதான், நடுத் தாள். 32 பக்கத்தில் அது 16-உம் 17-உம். இரண்டும் ஒரே தாளில் அச்சாவதால் அட்டவணை நடுவில் உடையாது. பழகியவருக்கு வேண்டிய எல்லாவற்றையும் அந்த இரண்டு பக்கத்தில் வைத்தேன். பகடைக் கணக்கு, காயம், நேரக் கணக்கு, ஊர்ப் பெயர் பத்து, ஆள் பெயர் இருபது. அங்கே விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது. "சிக்கலுடன் வெற்றி" என்ற பழைய இரண்டு வார்த்தை இப்போது அங்கேதான் இருக்கிறது.

மற்ற பக்கங்களில் எழுத்து 11 புள்ளி. நடுப் பக்கத்தில் 13. பாயில் கிடக்கும் புத்தகத்தைச் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி, மாடி விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தமிழுக்கு வரி இடைவெளியும் தாராளமாக வேண்டும். கொம்பும் சுழியும் மேல் வரியோடு ஒட்டினால் அவசரத்தில் படிக்க முடியாது.

பழகியவருக்கு இன்னொரு அரைப் பக்கமும் கொடுத்தேன், கடைசியில். வேறு ஆட்டம் நடத்திப் பழகியவர்கள் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டியவை. உதாரணமாக, எங்கள் ஆட்டத்தில் கட்டியக்காரர் பகடையே உருட்டுவதில்லை. பழைய கை தானாகப் பகடைக்குப் போகும். புதியவருக்கு இந்த அரைப் பக்கம் தேவையே இல்லை.

வாயை மூடிக்கொண்டு பாருங்கள்

எழுதி முடித்ததும் குழுவில் இருப்பவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்காதீர்கள். அவர்கள் உங்கள் வாயால் விதிகளைக் கேட்டுப் பழகியவர்கள். நீங்கள் எழுதாததையும் சேர்த்துப் படித்துவிடுவார்கள். இதுவரை நடத்தாத ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் கூடவே இருங்கள், பேசாதீர்கள். அது கஷ்டம். அந்த ஆறு நிமிஷமும் என் நாக்கு நுனியில் பதில் இருந்தது. சொல்லியிருந்தால் ஆட்டம் ஓடியிருக்கும், புத்தகத்தின் ஓட்டை எனக்குத் தெரிந்திருக்காது.

ஒரு பேனாவும் நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் கை நின்றது, எந்தப் பக்கத்துக்கு இரண்டு முறை போனார், எப்போது உங்களை நிமிர்ந்து பார்த்தார் என்று குறியுங்கள். நிமிர்ந்து பார்த்த இடம்தான் நீங்கள் எழுத வேண்டிய இடம். அவர் சிரித்த இடத்தையும் குறியுங்கள், அந்தப் பக்கத்தை மாற்றாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குப் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "நீ புத்தகத்தில் இல்லாமல் நீயாகச் சொன்னது எது?" என்று கேளுங்கள்.

கடைசி நாலு பக்கத்தைக் கோடு போட்டு வெறுமையாக விட்டேன், எல்லாப் பக்கத்திலும் வெளி ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் இடமும் விட்டேன். நடத்துபவர் எழுதிக்கொள்வதற்கு. அச்சுக்கூலி கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

ஆடியில் தங்கை மகள் மறுபடி நடத்தினாள், இந்த முறை 32 பக்கப் புத்தகத்தோடு. நான் அதே தொட்டி ஓரம். இரண்டே கால் மணி நேரத்தில் என்னை ஒரு முறைதான் நிமிர்ந்து பார்த்தாள், அதுவும் விளக்கைப் போடச் சொல்லி. ஆவணி வருவதற்குள் இன்னும் இரண்டு முறை நடத்தினாள். அப்புறம் ஒரு நாள் கடைக்கு வந்தவள் தன் பிரதியை மேசையில் வைத்துவிட்டு ஜூஸ் வாங்கப் போனாள். நான் திறந்து பார்த்தேன். புத்தகம் நடுப் பக்கத்தில் விரிந்தது, "சிக்கலுடன் வெற்றி" என்ற இடத்தில் மஞ்சள்கறை. நடு விடைப் பக்கத்தில் என் மூன்று வரியில் "நேரம் போய்விடுகிறது" என்பதைப் பென்சிலால் அடித்திருந்தாள். ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரு வரி: "யாரோ உதவி பண்றாங்க, ஆனா இனிமே நீ அவங்களுக்குக் கடன்."

அடுத்த பிரதி அடிக்கும்போது அந்த வரியையும் நாலாவதாகச் சேர்த்தேன், அவள் எழுதியபடியே.